"ஸ்காட்லாந்து 34 சதவீதம்" என்றால் என்ன பொருள்?

டப்ளினில் மரபணு ஆலோசகராகப் பணிபுரிகிறேன். அயர்லாந்தின் வடமேற்கிலுள்ள டோனிகால் மாவட்டத்தைச் சேர்ந்த எழுபது வயது அம்மையார் ஒருவர், எச்சில் மாதிரி அனுப்பி வாங்கிய வம்சாவளி அறிக்கையைக் கைப்பேசியில் காட்டினார். ஸ்காட்லாந்தின் மேல் நீல வண்ணம், 34 சதவீதம். "அப்படியானால் எங்கள் நிலத்தைப் பறிக்க வந்தவர்களின் வாரிசா நான்?" என்று கேட்டபோது அவர் குரல் கம்மியது.

அயர்லாந்தின் வடபகுதியான அல்ஸ்டரில் 1609இல் தொடங்கிய குடியேற்றத்தைத்தான் அவர் சொன்னார். ஐரிஷ் மக்களிடமிருந்து பறித்த நிலங்களில் ஸ்காட்லாந்து, இங்கிலாந்துக் குடும்பங்களை அமர்த்திய காலம் அது. அந்தக் காயம் இன்னும் முழுதாக ஆறவில்லை. ஆனால் அவருடைய குடும்பப் பெயர் ஸ்வீனி. கேலோக்ளாஸ் எனப்படும் கூலிப்படை வீரர்களாக ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையிலிருந்து வந்த ஸ்வீனிகள், 14ஆம் நூற்றாண்டிலேயே டோனிகாலில் வேர்விட்டுவிட்டார்கள். அவர்கள் பேசியதும், ஐரிஷ் மக்களைப் போலவே, கேலிக் மொழிதான்.

இரு நாடுகளுக்கும் இடையே கடல் மிகக் குறுகும் இடத்தில் சுமார் 20 கிலோமீட்டர்தான். அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆட்கள் போய்வந்துகொண்டே இருந்தார்கள். 1845இல் தொடங்கிய பெரும் பஞ்சத்துக்குப் பின் அயர்லாந்திலிருந்து ஏராளமானோர் கிளாஸ்கோவில் குடியேறினார்கள். நான்கு தாத்தா பாட்டிகளும் கிளாஸ்கோவில் பிறந்தவர் என்று ஒருவரை "ஸ்காட்லாந்து" ஒப்பீட்டு மாதிரியில், அதாவது நம் மரபணுவை ஒப்பிட்டுப் பார்க்கும் குழுவில், சேர்த்தால், அவருடைய முன்னோர் டோனிகால்காரர்களாகவே இருக்கலாம். சதவீதம் ஒற்றுமையைத்தான் சொல்கிறது; யார் எந்தத் திசையில் எப்போது கடந்தார் என்று சொல்வதில்லை.

கவனமாகச் செய்த ஆய்வுக்கும் இந்த எல்லை உண்டு. 2017இல் வெளியான ஐரிஷ் டிஎன்ஏ அட்லஸ் ஆய்வு, எட்டுக் கொள்ளுத் தாத்தா பாட்டிகளும் 50 கிலோமீட்டர் வட்டத்துக்குள் பிறந்தவர்களையே தேர்ந்தெடுத்தது. நான் மதிக்கும் ஆய்வு அது. ஆனாலும் கொள்ளுப்பாட்டி காலம் 19ஆம் நூற்றாண்டு. 1609இன் கலப்பு அதற்குள் பல தலைமுறை பழையதாகிவிட்டது. அதில் தெரியும் நார்வே மரபுக்கும் இதே சிக்கல்தான். வைக்கிங்குகள் எனப்படும் வட ஐரோப்பியக் கடலோடிகள் ஐரிஷ் மக்களை அடிமைகளாகக் கடத்திச் சென்றதால், இன்றைய நார்வேக்காரரிடமும் ஐரிஷ் மரபு கலந்திருக்கக்கூடும்.

அறிக்கையை ஒதுக்கிவிட்டு, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைத் தேடினோம். பாட்டியின் பெயர் அகப்பட்டது. வயது 3. பிறந்த இடம் ஸ்காட்லாந்து. மொழி: ஐரிஷ், ஆங்கிலம். பெற்றோர் இருவரும் டோனிகாலில் பிறந்தவர்கள். அம்மையார் அந்தப் படிவத்தைப் பெரிதாக்கி, கொள்ளுத் தாத்தாவின் கையெழுத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.