டெர்மினலைக் காதால் படிப்பது

டெபியன் லினக்ஸ் என்ற இயங்குதளத்தை நிறுவுகிற பென்டிரைவைச் செருகிக் கணினியை இயக்கினால், முதல் மெனு வந்ததும் ஒரு ‘பீப்’ கேட்கும். எதற்கென்று பலரும் யோசித்திருக்க மாட்டார்கள். திரையைப் பார்க்க முடியாதவருக்கு, ‘இனி விசையை அழுத்தலாம்’ என்ற அறிவிப்பு அது. எஸ் விசையைத் தட்டி என்டர் அடித்தால், அப்புறம் நிறுவல் முழுக்கப் பேசிக்கொண்டே நடக்கும். கண் தெரிந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து படித்துச் சொல்லத் தேவையில்லை.

திரையில் என்ன இருக்கிறதென்று அந்தக் குரலுக்கு எப்படித் தெரிகிறது? எழுத்து மட்டுமே உள்ள திரையில் இது நம்ப முடியாத அளவுக்குச் சுலபம். விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளக் காலத்துத் திரையில் வரிக்கு 80 எழுத்து, மொத்தம் 25 வரி. அதாவது 2,000 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் நினைவகத்தில் 2 பைட். ஒன்றில் எழுத்து, மற்றதில் நிறம். அந்த 4,000 பைட்டைப் படித்துவிட்டால் திரை முழுவதும் கைக்கு வந்துவிடும். திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் மென்பொருளுக்குத் திரைவாசிப்பான் என்று பெயர். புகழ்பெற்ற ஜாஸ் திரைவாசிப்பானும் 1989-ல் முதலில் டாஸுக்குத்தான் வந்தது. விண்டோஸ் வந்ததும் எழுத்தெல்லாம் வெறும் புள்ளிகளாகிவிட்டது. எந்த மென்பொருள் எங்கே என்ன வரைகிறது என்று நடுவில் புகுந்து ஒட்டுக்கேட்டு, திரையின் நகலைத் திரைவாசிப்பானே கட்டிக்கொள்ள வேண்டியதாயிற்று.

கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் லினக்ஸின் உரைத்திரையில், அதாவது டெர்மினலில், இன்றைக்கும் அந்தக் கட்டங்கள்தான். அதைப் படிக்கும் ஸ்பீக்கப் என்ற திரைவாசிப்பானைத் தொடங்கியவர் கனடாவைச் சேர்ந்த கர்க் ரெய்சர். அது லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளேயே உட்கார்ந்திருப்பதால், பேசுவதற்குத் தனிக் கருவி ஒன்றை இணைத்துவிட்டால், கணினி முழுதாக எழும் முன்பே வாய் திறந்துவிடும். கெர்னலின் பரிசோதனைப் பகுதிக்குள் 2010-ல் நுழைந்த ஸ்பீக்கப்புக்கு முறையான இடம் கிடைத்தது 2020-ல்.

தனிக் கருவி வேண்டாம், மென்பொருள் குரல் போதும் என்றால், எழுத்தைப் பேச்சாக்கும் ஈஸ்பீக் இருக்கிறது. பதிவு செய்த மனிதக் குரலை அது வெட்டி ஒட்டுவதில்லை. தொண்டையிலும் வாயிலும் எழும் ஒத்ததிர்வுகளைக் கணக்குப் போட்டு ஒலியை உண்டாக்குகிறது. அதனால்தான் அந்த ரோபோ வாடை. தமிழும் பேசும், இனிமை என்று சொல்ல மாட்டேன். ஆனால் வேகத்தைக் கூட்டினாலும் எழுத்துகள் குழையாது. சாதாரணப் பேச்சு நிமிடத்துக்குச் சுமார் 150 சொல். பழகியவர்கள் 400-க்கு மேலும் வைத்துக் கேட்கிறார்கள். புதிதாகக் கேட்பவருக்கு அது ஒரு மொழி என்றே தோன்றாது.

சரி, பேச வைத்தாயிற்று. எதைப் பேசாமல் விடுவது? இங்கேதான் சிக்கல். திரையில் புதிதாக எது வந்தாலும் ஸ்பீக்கப் படிக்கும். நம்பர் பேடில் உள்ள என்டரைத் தட்டினால் உடனே நிறுத்தும். அதே நம்பர் பேடில் 8 நடப்பு வரி, 5 சொல், 2 எழுத்து. இடப்பக்க எண் முந்தையதற்கு, வலப்பக்க எண் அடுத்ததற்கு. கர்சர் இருந்த இடத்திலேயே இருக்க, காது மட்டும் திரையில் உலாவி வரலாம்.

எழுத்தெழுத்தாகக் கேட்பது எதற்கு என்றால், அழிக்கும் கட்டளையில் ‘டெம்ப்*’ என்பதும் ‘டெம்ப் *’ என்பதும் காதில் ஏறக்குறைய ஒன்றாகவே விழும். நட்சத்திரக் குறிக்கு ‘எதுவானாலும்’ என்று பொருள். முதலாவது, பெயர் டெம்ப் என்று தொடங்கும் கோப்புகளை மட்டும் அழிக்கும். இரண்டாவது அந்த அடைவில் உள்ள எல்லாவற்றையும் காலி செய்யப் பார்க்கும். என்டர் அடிக்கும் முன் 3-ஐத் தட்டித் தட்டி, நடுவில் ‘ஸ்பேஸ்’ என்று வருகிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

பதிவிறக்கத்தின்போது ஒரே வரியில் மாறிக்கொண்டே இருக்கும் சதவீதம் இன்னொரு தொல்லை. கண்ணுக்கு அது ஒரு மூலையில் நகரும் எண். காதுக்கோ ஏலம் விடுவதுபோல 1, 2, 3 என்று நிற்காத கூச்சல். ஆகவே கட்டளைகளை ‘சத்தமில்லாமல் ஓடு’ என்ற விருப்பத்தோடு இயக்குவது வழக்கம். திரை முழுவதையும் பிடித்துக்கொள்ளும் எடிட்டர்களைவிட, 1969-ல் கென் தாம்சன் எழுதிய ‘எட்’ என்ற எடிட்டர் காதுக்கு ஒத்துப்போகும். கேட்ட வரியை மட்டும் காட்டும்; தவறு செய்தால் ஒரு கேள்விக்குறி, அவ்வளவுதான். கண் தெரிந்தவர்கள் கேலி செய்யும் அந்தக் கஞ்சத்தனம் இங்கே பெரிய வசதி. பார்வையற்ற நிரலாளர் கார்ல் டால்க்கி இதே பாணியில் இணையம் பார்க்க எட்பிரவுஸ் என்ற உலாவியையே எழுதினார்.

டி. வி. ராமன் வேறு வழியில் போனார். புனேயில் வளர்ந்து, 14 வயதில் பார்வை இழந்து, பம்பாய் ஐஐடியில் படித்து, 1994-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். ஈமேக்ஸ் என்ற எடிட்டரைப் பேச வைக்க 1995-ல் அவர் வெளியிட்ட ஈமேக்ஸ்பீக், திரையைப் படிப்பதையே விட்டுவிட்டது. ஈமேக்ஸில் உள்ள நாட்காட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டங்களை மட்டும் படிக்கும் திரைவாசிப்பான் ‘1 2 3 4’ என்று வரிசையாக ஒப்பிக்கும். எந்தக் கிழமை என்பது மேலே தனி வரியில் கிடக்கும். ஈமேக்ஸ்பீக்கில் ஒரு தேதிக்கு நகர்ந்தால் கிழமை, மாதம், ஆண்டு எல்லாம் சேர்ந்து வரும். ஏனென்றால் அது கேட்பது திரையை அல்ல, நாட்காட்டி நிரலை.

ஈமேக்ஸில் எந்தச் செயற்கூறுக்கும் முன்னும் பின்னும் நம் வரிகளைச் செருகலாம், மூல நிரலைத் தொடவே வேண்டாம். அட்வைஸ் என்று பெயர் கொண்ட இந்த வசதியைத்தான் ராமன் பிடித்துக்கொண்டார். நிரல் எழுதும்போது மற்றவர்கள் நிறத்தில் பார்க்கும் வேறுபாடு இதில் குரலில் வரும்: குறிப்புரைக்கு ஒரு குரல், கட்டளைச் சொல்லுக்கு இன்னொன்று. என் கணக்கில் ஸ்பீக்கப், ஈமேக்ஸ்பீக் இரண்டில் இதுதான் சிறந்த யோசனை. ஆனால் ஈமேக்ஸ் ஓடினால்தான் இது ஓடும். கணினி பாதியிலேயே படுத்துக்கொண்டு பிழைச்செய்தி காட்டும் நேரத்தில், கட்டம் கட்டமாகப் படிக்கும் ஸ்பீக்கப்தான் கைகொடுக்கும்.