‘கெட்டியாகக் கொடுங்கள்’ என்றால் எவ்வளவு கெட்டி?

பக்கவாதத்துக்குப் பின் பேச்சும் விழுங்கும் திறனும் குறைந்தவர்களுக்குப் பயிற்சி அளிப்பது என் தொழில். மதுரையில் என்னிடம் வரும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவருக்குச் சொற்களை மீட்கும் பயிற்சியாகக் குறுக்கெழுத்துக் கட்டங்களைக் கொடுப்பதுண்டு. ஒருநாள் ‘தடிப்பு, 3 எழுத்து’ என்ற குறிப்புக்கு அவர் ‘கனம்’ என்று எழுத, அருகிலிருந்த அவருடைய துணைவியார் ‘கெட்டி’ என்றார். ‘திண்மை’யும் அதில் அடங்கும். குறுக்கே வரும் எழுத்துத்தான் அங்கே தீர்ப்புச் சொல்லும்.

துணிக்குக் கனம், பலகைக்குத் தடிமன், கயிற்றுக்குப் பருமன், கூந்தலுக்கு அடர்த்தி என்று தமிழ் பொருளுக்கேற்பச் சொல்லை மாற்றிக்கொள்கிறது. (தடிமன் என்றால் எங்கள் பக்கத்தில் ஜலதோஷமும்கூட.) ‘கெட்டி’ மட்டும் இரண்டு பக்கமும் நிற்கும்: குழம்பு கெட்டி என்றால் அது இன்னும் ஊற்றக்கூடியது; உருண்டை கெட்டி என்றால் பல்லுக்கு வேலை.

இதே ஆசிரியருக்கு முதல் நாளில் ‘இனிமேல் கெட்டியாகக் கொடுங்கள்’ என்று சொல்லி அனுப்பியவன் நான்தான். வீட்டில் கஞ்சியை நிறுத்திவிட்டு இட்லியும் தோசையும் கொடுத்தார்கள்; தண்ணீரையோ வழக்கம்போலவே கொடுத்தார்கள். நான் சொன்னது தண்ணீரைப் பற்றி. அடுத்த வாரம் அவர் வந்தபோது ஒவ்வொரு மிடற்றுக்கும் இருமல் வந்தது. குடித்த பின் குரல் ஈரமாகக் களகளத்தது. நீர்த்த பானம் வேகமாக இறங்குவதால், தளர்ந்த தொண்டை மூச்சுக்குழலின் வாயை மூடுவதற்குள் அது உள்ளே புகுந்துவிடலாம். அதிலிருந்து நிமோனியா வரை போகக்கூடும். சிலருக்கு இருமலே வராமலும் இது நடக்கும் என்பதால், இருமல் இல்லாததை மட்டும் வைத்து நிம்மதி அடைய முடியாது.

இப்போது என் சீட்டில் ‘கெட்டி’ என்ற சொல்லை எழுதுவதில்லை. உணவையும் பானத்தையும் 0 முதல் 7 வரை நிலைகளாகப் பிரிக்கும் பன்னாட்டு அளவுமுறையில் பானங்களுக்கு எளிய சோதனை ஒன்று உண்டு. 0 கோட்டிலிருந்து 10 கோடு வரை 61.5 மில்லிமீட்டர் நீளமுள்ள 10 மில்லி சிரிஞ்சில், ஊசியில்லாமல், நுனியை விரலால் அடைத்து 10 மில்லி வரை பானத்தை ஊற்றி, விரலை எடுத்து 10 நொடி ஒழுகவிட வேண்டும். மிஞ்சுவது 1 மில்லிக்கும் குறைவென்றால் அது தண்ணீர் போன்றது. 1 முதல் 4 வரை என்றால் முதல் நிலை. 4 முதல் 8 வரை இரண்டாம் நிலை. 8க்கு மேல் மிஞ்சியும் சிறிது ஒழுகினால் மூன்றாம் நிலை. ஆசிரியருக்கு நான் எழுதிக் கொடுத்தது ‘4 முதல் 8 வரை மிஞ்ச வேண்டும்’ என்பதுதான்.

அளந்து வைத்ததும் மாறும். அரிசி மாவு சேர்த்துக் காய்ச்சும் நம் பருத்திப்பால் ஆறஆற இறுகும். வாயில் வைத்த கரண்டியை மறுபடி அதில் விட்டால் எச்சிலிலுள்ள நொதி மாவுச்சத்தை உடைத்து அதை நீர்க்கவைக்கும். மேலே தூவும் தேங்காய்த் துருவல் தனிச் சிக்கல். ரசம் சாதமும் அப்படித்தான்: பருக்கை வாயில் நிற்க, ரசம் முந்திக்கொண்டு ஓடிவிடும்.

பரிசோதிக்காமல் எல்லாருக்கும் எல்லாவற்றையும் கெட்டியாக்குவதும் தவறு. அளவு மீறினால் தொண்டையிலேயே மிச்சம் தங்கும். பிடிக்காமல் குறைவாகக் குடித்து உடலில் நீர் வற்றும், மதுரைச் சித்திரை வெயிலில் அது விரைவிலேயே நடக்கும்.

ஆசிரியர் இப்போது ஜிகர்தண்டா கேட்கிறார், பார்வைக்குக் கெட்டியாகத்தானே இருக்கிறது என்று வாதிடுகிறார். வாயின் சூட்டில் ஐஸ்கிரீம் உருகித் தண்ணீராகும், கடல்பாசி துண்டாக நிற்கும் என்று சொல்லி இன்னும் மறுத்துக்கொண்டிருக்கிறேன்.