பகிராத ஒன்றுக்குப் ‘பகிர்வு’ என்று பேர்

போன வாரம் சித்தி மகன் கூப்பிட்டான். லினக்ஸ் ஏற்ற உட்கார்ந்தவன், எங்கேயோ கிடைத்த தமிழ்க் கையேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரி வரியாகச் செய்திருக்கிறான். “அண்ணே, பழைய பகிர்வை நீக்கவும்னு போட்டிருந்துச்சு. நெட்வொர்க்ல ஷேர் பண்ணதை நிறுத்தச் சொல்றாங்கன்னு நீக்கிட்டேன். இப்ப டி டிரைவையே காணோம்.” அதில்தான் அவன் தங்கை கல்யாணப் படங்கள்.

கையேடு ‘பகிர்வு’ என்றது பார்ட்டிஷனை, அதாவது வட்டில் (ஹார்ட் டிஸ்கில்) பிரித்த துண்டை. பார்ட்டிஷன் என்ற சொல் லத்தீனிலிருந்து வந்தது. அடியில் இருப்பது ‘பார்ஸ்’, அதாவது பாகம். ஒரே வட்டை வரம்பு போட்டுத் துண்டாக்குவது, 1983-இல் டாஸ் 2.0 என்ற பழைய இயங்குதளம், வட்டைப் பிரிக்கும் எஃப்டிஸ்க் என்ற கருவியோடு வந்த நாளிலிருந்து வீட்டுக் கணினியில் இருக்கிறது.

சரி, இதில் பகிர்வு எங்கே வந்தது? பகிர்வது என்றால் நம்மிடம் இருப்பதை அடுத்தவருக்குக் கொடுப்பது. சி-யில் இடமில்லாமல் கணினி மூச்சு வாங்கும்போது பக்கத்தில் டி-யில் 600 ஜிபி சும்மா கிடக்கும், ஒரு பைட் தராது! போதாக்குறைக்கு ஷேருக்கும் அதே சொல். திரையைப் பார்க்காமல் சொற்பட்டியலை மட்டும் பார்த்து மொழிபெயர்த்தால் இப்படித்தான். ‘பிரிவினை’ என்றால் 1947-உம் அண்ணன் தம்பி பாகச் சண்டையும்தான் ஞாபகத்துக்கு வருகின்றன; அதுவும் அது பிரிக்கிற செயல், பிரித்த துண்டு அல்ல. ‘பகுப்பு’ நல்ல சொல்தான், ஆனால் தமிழ் விக்கிப்பீடியா அதைக் கேட்டகரிக்கு எடுத்துக்கொண்டுவிட்டது.

என் ஓட்டு ‘பாத்தி’க்கு. பகு என்பதன் வழியில் வந்தது. குறளின் ‘பாத்தூண்’ கூடப் பகுத்து உண்பதுதான். வெண்டைக்காய் போடவா என்று சிரிப்பவர்கள் டேட்டாபேஸில் ஃபீல்டுக்குப் ‘புலம்’ என்று எழுதும்போது ஏர் பூட்டுவதில்லையே. பாத்தி என்றதும் வரப்பு கூடவே வந்துவிடுகிறது. 1 டிபி வட்டு விண்டோஸில் 931 ஜிபி என்றுதான் தெரியும். அதில் சி-க்கு 100 போதும் என்று கஞ்சத்தனமாக வரப்புப் போட்டுவிட்டு, இரண்டு வருடம் கழித்து அகலப்படுத்தப் போனால், வலப்பக்கம் ஒட்டினாற்போலக் காலியிடம் இருந்தால்தான் விண்டோஸ் விடும், தள்ளி எங்கோ இருந்தால் உதவாது. அப்புறம், டி-யைத் தனி டிரைவ் என்று நம்பி அதிலேயே பேக்கப் வைக்கிறவர்களுக்கும் இந்தச் சொல் நல்லது: வட்டு என்ற கிணறு வற்றினால் எல்லாப் பாத்தியும் காயும்.

தம்பியின் படங்கள் கிடைத்துவிட்டன. பாத்தியை நீக்கினால் வட்டில் உள்ள பாத்தி அட்டவணையில் அதன் வரிதான் போகும், மேலே வேறெதுவும் எழுதாதவரை உள்ளே இருப்பது அப்படியே இருக்கும். தொலைந்த பாத்தியைத் தேடி மீட்கும் டெஸ்ட்டிஸ்க் என்ற மென்பொருளை ஓட்டி எடுத்தோம். அந்தக் கையேட்டைத்தான் முதலில் மூடச் சொன்னேன்.