ஆவணக் காப்பகம்: சொல்லும் பொருளும்

‘காப்பகம்’ என்று மட்டும் சொன்னால் தமிழ்நாட்டில் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது குழந்தைகள் காப்பகமோ முதியோர் காப்பகமோதான். மின்னஞ்சலைத் திறந்தால் ‘காப்பகப்படுத்து’ என்று ஒரு பொத்தான் இருக்கிறது. கடிதத்தைக் கண்ணில் படாமல் ஒதுக்கி வைப்பது அதன் வேலை. ஆர்க்கைவ்ஸ் என்ற சொல்லுக்கு ஈடாக வெறுமனே ‘காப்பகம்’ என்று எழுதும்போது இந்த நிழல்கள் எல்லாம் கூடவே வந்துவிடுகின்றன. அதனால் முழுப் பெயரையே சொல்வது நல்லது: ஆவணக் காப்பகம்.

பொருள் என்ன? ஒரு நிறுவனம் தன் அன்றாட வேலையின் போக்கில் உண்டாக்கிய தாள்களில் எவை நிலையாக வேண்டும் என்று தேர்ந்தெடுத்து, அவை பிறந்த ஒழுங்கைக் கலைக்காமல் வைத்து, கேட்டு வருபவருக்கு எடுத்துக் கொடுக்கும் இடம். ஆங்கிலத்தில் அந்த இடத்துக்கும் அங்கே இருக்கும் தாள்களுக்கும் ஒரே சொல்தான். தமிழில் தாள் ஆவணம், இடம் ஆவணக் காப்பகம் என்று இயல்பாகவே பிரிந்துவிடுவது நமக்கு வசதி.

ஆங்கிலச் சொல்லின் வேர் கிரேக்கத்தில் இருக்கிறது. ஆட்சிப் பொறுப்பில் இருந்த அதிகாரிக்கு ஆர்க்கோன் என்று பெயர். அவருடைய மாளிகை, அதாவது அலுவலகம், ஆர்க்கையோன். அரசுத் தாள்கள் அங்கே இருந்ததால் இடத்தின் பெயர் தாள்களுக்கும் ஆகிவந்தது. அங்கிருந்து லத்தீன், பிரெஞ்சு வழியாக 17ஆம் நூற்றாண்டு வாக்கில் ஆங்கிலத்தில் நிலைபெற்றது. ஆள்பவர் வீட்டில் இருக்கும் தாள் என்பதுதான் அடிப்படை. யார் பார்க்கலாம் என்று முடிவு செய்யும் அதிகாரமும் அந்த வீட்டுக்காரரிடமே இருந்தது.

தமிழ்ச் சொல்லின் கதை வேறு. ஆவணம் என்றால் பழைய இலக்கியத்தில் கடைத்தெரு. ஆவண வீதி என்று வருவது அந்தப் பொருளில்தான். வடமொழி ‘ஆபண’த்தோடு அதற்கு உறவு உண்டு என்று அகராதிகள் காட்டும். எழுத்துச் சான்று என்ற பொருளும் பழையதே. அகநானூற்று 77ஆம் பாட்டில் குடவோலைக் காட்சி ஒன்று வருகிறது: ‘கயிறுபிணிக் குழிசி ஓலை கொண்மார் பொறிகண்டு அழிக்கும் ஆவண மாக்களின்’. கயிற்றால் கட்டி முத்திரை வைத்த குடத்திலிருந்து ஓலைகளை எடுக்க வந்தவர்கள், முதலில் முத்திரையைச் சரிபார்த்து, அப்புறம்தான் அதை உடைக்கிறார்கள். அவர்களுக்குப் பெயர் ஆவண மாக்கள். தெருவுக்கும் ஓலைக்கும் ஒரே சொல் வந்தது எப்படி என்று கேட்டால், விற்றவரும் வாங்கியவரும் எழுதிக்கொண்டது ஆவணம் ஆகியிருக்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் இந்தச் சொல்லைப் புரிந்துகொள்ள நான் எப்போதும் போய் நிற்பது பெரியபுராணத்தில், சுந்தரர் திருமணத்தில். மணப்பந்தலுக்கு வந்த முதியவர் ‘நீ எனக்கு வழியடிமை’ என்கிறார். ஓலையைக் காட்டுகிறார். சுந்தரர் அதைப் பிடுங்கிக் கிழித்துவிடுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குப் போகிறது. கிழிந்தது படியோலைதான், மூல ஓலை என்னிடம் இருக்கிறது என்று முதியவர் அதை எடுத்து நீட்டுகிறார். எழுதியவர் சுந்தரரின் பாட்டனார். அது அவர் கையெழுத்துத்தானா? அவையோர் சாட்சியோடு நிற்கவில்லை. ‘அரண்தரு காப்பில் வேறொன்று அழைத்துடன் ஒப்பு நோக்கி’ என்கிறார் சேக்கிழார். காப்பில் இருந்த, அதே பாட்டனார் எழுதிய இன்னொரு ஓலையை வரவழைத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, ஒத்திருக்கிறது என்று தீர்ப்புச் சொல்கிறார்கள்.

மூலம், படி, காப்பு, வரவழைத்தல், ஒப்பு நோக்குதல் என்று ஆவணக் காப்பகத்தின் வேலை முழுவதும் இந்தக் காட்சியில் இருக்கிறது. காப்பது அதில் பாதிதான். கேட்டபோது எடுத்து, எதனோடு ஒப்பிட வேண்டும் என்று காட்டுவது மறுபாதி. ‘காப்பு’ என்ற சொல்லுக்குள் அந்த மறுபாதியையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

நூலகத்தோடு இதைக் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். நூலகத்தில் ஒவ்வொரு புத்தகமும் தனி ஆள், பொருள்வாரியாக அடுக்கலாம். காப்பகத்தில் ஒரு கடிதத்துக்குத் தனியாகப் பொருள் குறைவு. யாருடைய கோப்பில், எந்தக் கடிதத்துக்குப் பின்னால் இருந்தது என்பதில்தான் அதன் உயிர் இருக்கிறது. அதனால் ஓர் அலுவலகத்தின் தாள்களை இன்னொன்றின் தாள்களோடு கலக்கக் கூடாது என்பது முதல் விதி. பிரான்சில் 1841இல் இதை அரசு உத்தரவாகவே எழுதிவைத்தார்கள். ஒவ்வொரு தொகுதிக்கும் எங்கிருந்து வந்தது, எத்தனை பெட்டி, எந்தப் பெட்டியில் என்ன என்று ஒரு விளக்கப் பட்டியல் இருக்கும். தேடுபவரின் முதல் வாசல் அதுதான்.

பல்கலைக்கழகத்துக்குள் இப்படி ஒரு காப்பகம் இருப்பது புதிய வழக்கம் ஒன்றும் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டு 1634இலேயே பிரையன் டுவைன் என்பவரைத் தன் முதல் ஆவணக் காப்பாளராக நியமித்தது. ஆட்சிக்குழுக் கூட்டக் குறிப்புகள், கட்டட வரைபடங்கள், மாணவர் பத்திரிகைகள், பட்டமளிப்பு விழாச் சொற்பொழிவுகள், விடுதிக் கணக்குகள், பெயர் தெரியாத முகங்கள் நிறைந்த குழுப் படங்கள் எல்லாம் இத்தகைய இடங்களில் சேரும்.

சரி, இதனால் யாருக்கு என்ன பயன்? அமெரிக்காவில் வாஷிங்டன் நகரில் உள்ள ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தைப் பார்ப்போம். அதன் வளாகத்தில் மல்லெடி பெயரில் ஒரு கட்டடம் இருந்தது. தாமஸ் மல்லெடி அந்தக் கல்லூரியின் தலைவராக இருந்த இயேசு சபைப் பாதிரியார். அவர் மேரிலாந்து இயேசு சபையின் தலைவராக இருந்த 1838இல், சபையின் தோட்டங்களில் அடிமைகளாக இருந்த 272 பேரை லூசியானாக்காரர்களுக்கு 1,15,000 டாலருக்கு விற்க ஒப்பந்தம் எழுதினார். அந்தப் பணத்தில் ஒரு பகுதி கல்லூரியின் கடனை அடைக்கப் போனது.

வரலாற்றாசிரியர்களுக்கு இது தெரிந்த செய்திதான். ஆனால் வளாகத்தில் நடமாடிய பெரும்பாலோருக்குத் தெரியாது. 2015இல் பல்கலைக்கழகம் ஒரு குழு அமைத்தது, மாணவர்கள் கட்டடப் பெயரை எதிர்த்துப் போராடினார்கள். மூலத் தாள்களைத் தேடும் வேலை பெருகியது. இங்கேதான் மேலே சொன்ன முதல் விதியின் அருமை தெரிகிறது. ‘எங்கள் கட்டடத்தின் வரலாறு’ என்று கேட்டு வரும் மாணவர் கல்லூரிக் கட்டடக் கோப்புகளில்தான் தேடத் தொடங்குவார். விடை இருந்ததோ பல்கலைக்கழக நூலகத்தில் ஒப்படைக்கப்பட்டிருந்த மேரிலாந்து சபையின் தாள்களில். தோட்டம் சபையுடையது, விற்றவர் சபைத் தலைவர், எனவே தாளும் சபையுடையது. எந்தத் தாள் யாருடைய மேசையில் பிறந்திருக்கும் என்று யோசிக்கத் தெரிந்தவர் ஆவணக் காப்பாளர். அவர் இல்லாமல் ஒரு புதியவர் அந்தப் பெட்டியைச் சென்றடைவது கடினம்.

ஒப்பந்தத்தில் விற்கப்பட்டவர்களின் பெயர்கள் இருக்கின்றன. முதல் பெயர் ஐசக், வயது 65. இந்தப் பட்டியலையும், ஞானஸ்நானப் பதிவேடுகளையும், நியூ ஆர்லியன்ஸுக்குப் போன கப்பலின் ஆள் பட்டியலையும், பிறகு வந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்த்துத்தான் அந்த மக்களின் இன்றைய வாரிசுகள் கண்டறியப்பட்டார்கள். சேக்கிழார் சொன்ன அதே ஒப்பு நோக்குதல். 2016 முதல் இந்தத் தாள்கள் எவரும் பார்க்கும்படி இணையத்தில் ஏற்றப்பட்டன. மல்லெடி பெயர் 2015இலேயே நீங்கியிருந்த அந்தக் கட்டடம், 2017இல் ஐசக் ஹாக்கின்ஸ் பெயரைப் பெற்றது. விற்றவர் தன் கணக்குக்காக எழுதிய தாள், விற்கப்பட்டவரின் பெயரைக் காப்பாற்றி அவர் பேரப்பிள்ளைகளிடம் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது. திருவெண்ணெய்நல்லூரில் ஒப்பிட்டதும் ஓர் அடிமை ஓலைதான் என்பதை நினைக்கும்போது எனக்கு மனம் கனக்கிறது.

எல்லாத் தாளையும் உடனே கேட்டு வாங்கிவிட முடியாது. ஹார்வர்டில் நிர்வாகத் தாள்கள் 50 ஆண்டுகளும், மாணவர், பணியாளர் கோப்புகள் 80 ஆண்டுகளும் மூடியிருக்கும். உயிரோடு இருப்பவரின் மதிப்பெண்ணும் மருத்துவக் குறிப்பும் பிறர் கண்ணில் படக் கூடாது என்பது நியாயமான கவலை. எது திறந்திருக்கிறது, மூடியதற்கு மாற்றாக எந்த அச்சுப் பிரதியைப் பார்க்கலாம் என்று சொல்வதும் காப்பாளர் வேலைதான்.

சில சமயம் அவர் உங்களை வேறு ஊருக்கே அனுப்புவார். யேல் பல்கலைக்கழகத்தின் பெயருக்குக் காரணமான எலிஹூ யேல், 1687 முதல் 1692 வரை சென்னை புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநர். 1718இல் அவர் அனுப்பிய சரக்குகளையும் 417 புத்தகங்களையும் பெற்றுக்கொண்ட கல்லூரி அவர் பெயரைச் சூடிக்கொண்டது. அந்தச் செல்வம் எப்படி வந்தது என்று அமெரிக்காவில் ஒருவர் கேட்டால், தேட வேண்டிய இடங்களில் ஒன்று எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம். கோட்டையின் ஆலோசனைக் கூட்டக் குறிப்புகள் அங்கே இருக்கின்றன.

நம் பக்கத்துக் கேள்வி ஒன்று. 1857இல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் சி. வை. தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும், இருவரும் யாழ்ப்பாணத்தவர். அவர்கள் பட்டம் பெற்றது 1857 என்று சிலரும் 1858 என்று சிலரும் எழுதுகிறார்கள். ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்த்து எழுதினால் இது தீராது. பல்கலைக்கழகக் காலண்டரைக் கேட்க வேண்டும். அது தேதி கிழிக்கும் காலண்டர் இல்லை. விதிகளும் பாடத்திட்டமும் தேறியவர் பெயர்களும் அடங்கிய தடித்த ஆண்டுப் புத்தகம். தேர்வு நடந்த ஆண்டா, பட்டம் வழங்கிய ஆண்டா என்பதையும் கேள்வியிலேயே பிரித்துச் சொன்னால் காப்பாளருக்குப் பாதி வேலை மிச்சம்.

இனிச் சொற்கள். பணியாளரை ஆவணக் காப்பாளர் எனலாம். காப்பாட்சியர் என்பது தமிழ்நாட்டில் அருங்காட்சியகப் பதவியாக நிலைத்துவிட்டது, எனவே இங்கே வேண்டாம். இலங்கையில் அரசு வழக்கில் சுவடிகள், சுவடிக்கூடம் என்ற சொற்களே உண்டு. அங்கே அது பொருந்தும். தமிழ்நாட்டில் சுவடி என்றால் ஓலைச்சுவடி என்றே காதில் விழுவதால் 1970களின் விடுதிக் கணக்கைச் சுவடி என்று சொல்ல நாக்கு வராது. ஆவணப்படுத்துதல் என்பது வேறு வேலை. நடப்பதைப் புதிதாகப் பதிவு செய்வது அது. ஏற்கெனவே பிறந்த தாளைப் பேணுவதற்கு ஆவணப் பேணல் என்று சொன்னால் போதும்.

பழைய கல்லூரி மலரோ குழுப் படமோ வீட்டில் இருந்தால் படித்த கல்லூரியின் காப்பாளரிடம் ஒரு முறை பேசிப் பாருங்கள். காப்பகம் இல்லாத கல்லூரி என்றால் நூலகரிடம். படத்தைக் கொடுப்பதற்கு முன், அதில் இருப்பவர்களின் பெயரும் ஆண்டும் தெரிந்த வரையில், பின்பக்க ஓரத்தில் பென்சிலால் மெதுவாக எழுதிவிடுங்கள். பேனா வேண்டாம், மை முன்பக்கம் வரை ஊறிவிடும்.