முதல் தட்டான் என்றைக்கு வந்தது?

சேரன்மகாதேவிப் பக்கம் விவசாயம் பார்க்கும் ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "அண்ணாச்சி, பிசானத்துக்குத் தொளி அடிக்கும்போது டிராக்டர் பின்னாலயே ஆயிரக்கணக்குல தட்டான் பறக்குது. நாலு நாள் இருக்கு, அப்புறம் ஒண்ணையும் காணோம். எங்கருந்து வருது, எங்க போவுது? எம்மவன் அதையெல்லாம் போன்ல படம் பிடிச்சு ஏதோ ஆப்புல ஏத்திக்கிட்டே இருக்கான். அதுனால யாருக்கு என்ன பிரயோசனம்?"

கேட்டவர் இரண்டையும் தனித்தனிக் கேள்வியாகத்தான் நினைத்திருப்பார். ஆனால் மகன் செய்கிற வேலையை வேறு ஒருத்தர் வேறு ஓர் ஊரில் செய்யாமல் இருந்திருந்தால், அப்பாவின் கேள்விக்கு இன்றைக்குப் பதிலே கிடையாது.

டிராக்டர் பின்னால் வருவதற்குக் காரணம் சாப்பாடுதான். தொளி அடித்துச் சேறு கலங்கும்போது கொசு, சிறு ஈ, தத்துப்பூச்சி எல்லாம் கிளம்பும், அதைப் பிடித்துத் தின்ன வருகின்றன. இப்படிக் கூட்டமாக வருவதில் பெரும்பாலும் இருப்பது பான்டாலா ஃபிளாவசென்ஸ் என்ற ஒரே இனம். மஞ்சளும் செம்மஞ்சளும் கலந்த உடம்பு, பின்சிறகின் அடிப்பக்கம் நல்ல அகலம். அந்த அகலத்தால்தான் சிறகை அதிகம் அடிக்காமலே காற்றில் மிதக்க முடிகிறது. வாய்க்கால் ஓரத்தில், சாக்கடை ஓரத்தில் உட்கார்ந்தே இருக்கும் ஆரஞ்சுத் தட்டான் வேறு இனம், இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். நம்முடைய ஆள் பகலில் லேசில் உட்காராது, உட்கார்ந்தாலும் குச்சியைப் பிடித்துச் செங்குத்தாகத் தொங்கும்.

முட்டையிடுவது மழைத்தண்ணீர் தேங்கிய குட்டையில். மீன் இருக்காது, அது நல்லது. சீக்கிரம் வற்றிவிடும், அது கெட்டது. அதனால் முட்டையிலிருந்து சிறகு முளைத்து வெளியேறுவது வரைக்கும் எல்லாவற்றையும் ஆறு முதல் ஒன்பது வாரத்துக்குள் முடித்துக்கொள்கிறது. மழையைத் தேடிப் போவதே அதன் பிழைப்பு.

சரி, எங்கே போகிறது? சார்லஸ் ஆண்டர்சன் என்ற கடல் உயிரியலாளர் மாலத்தீவில் வசித்துவந்தார். அவர் தொழில் மீனும் திமிங்கிலமும், பூச்சி அல்ல. ஒவ்வொரு ஆண்டும் அக்டோபர் வந்தால் தீவில் திடீரென்று தட்டான் நிறைவதைப் பார்த்திருக்கிறார். மாலத்தீவு முழுக்கப் பவளத் திட்டு. மேலே நன்னீர் தேங்குவது அபூர்வம், தட்டான் அங்கே பெருக வழியில்லை. பக்கத்துப் பெருநிலம் என்றால் தென்னிந்தியாவும் இலங்கையும்தான், நடுவே 500 கிலோமீட்டருக்குக் குறையாத கடல். அவர் செய்தது ஒன்றுதான்: 1996 முதல், ஒவ்வொரு ஆண்டும் தலைநகர் மாலேயில் தட்டான் எந்தத் தேதியில் தலைகாட்டியது என்று எழுதி வைத்தார். மற்றத் தீவுகளின் தேதிகளையும் தென்னிந்தியத் தேதிகளையும் சேர்த்து அடுக்கினார். முதலில் தென்னிந்தியா, பிறகு வட மாலத்தீவு, பிறகு மாலே, பிறகு தெற்குத் திட்டுகள், நவம்பரில் சேஷல்ஸ் தீவுகள், டிசம்பரில் அதற்கும் அப்பால் உள்ள அல்டாப்ரா தீவு. தேதிகள் வரிசையாகத் தென்மேற்கே நகர்ந்துகொண்டே போகின்றன, போய்ச் சேரும் திசையில் இருப்பது கிழக்கு ஆப்பிரிக்கா.

அக்டோபரில் மாலத்தீவில் தரையோரம் அடிப்பது மேற்கத்திக் காற்று. வடகிழக்கிலிருந்து வரும் பூச்சிக்கு அது எதிர்க்காற்று. ஆனால் ஆயிரம் மீட்டருக்கு மேலே போனால் காற்று வடகிழக்கிலிருந்து வீசுகிறது. நமக்கு ஐப்பசி மழையைக் கொண்டுவரும் அதே பருவ மாற்றம்தான் அங்கே மேலே அந்தக் காற்றையும் கொண்டுவருகிறது. தட்டான் மேலே ஏறி அதில் சவாரி செய்கிறது. ஆப்பிரிக்காவில் மழைக்குட்டையில் முட்டையிட்டு, அதன் பிள்ளை, பேரப்பிள்ளை என்று வளர்ந்து, கடைசியில் தென்மேற்குப் பருவக்காற்றோடு ஒரு தலைமுறை இந்தியா திரும்புகிறது. முழுச்சுற்று 14,000 முதல் 18,000 கிலோமீட்டர், நான்கு தலைமுறை. கிளம்பின தட்டான் எதுவும் திரும்பி வருவதில்லை. 2009இல் ஆண்டர்சன் இதைக் கட்டுரையாக வெளியிட்டார்.

ஆனால் தேதி வரிசை என்பது சூழ்நிலைச் சாட்சி மாதிரி. அந்தத் தட்டான் எங்கே பிறந்தது என்று அதையே கேட்க முடியுமா? முடியும். எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஹைட்ரஜன் அணுவின் கருவில் ஒரு புரோட்டான் இருக்கும், பள்ளியில் படித்ததுதான். சில ஹைட்ரஜன் அணுக்களில் கூடவே ஒரு நியூட்ரானும் இருக்கும், எடை இரண்டு மடங்கு. அதற்கு டியூட்டீரியம் என்று பெயர். கதிரியக்கம் எல்லாம் கிடையாது, சமத்தானது. கடல் தண்ணீரில் சுமார் 6,400 ஹைட்ரஜன் அணுவுக்கு ஒன்று இந்தக் கனமான வகை. கனமான அணு சேர்ந்த தண்ணீர் மூலக்கூறு ஆவியாகக் கொஞ்சம் மடி பண்ணும், ஆவியானாலும் மழையாக விழ முந்திக்கொள்ளும். மேகம் கடலோரத்திலிருந்து கிளம்பி உள்நாட்டுக்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தூத்துக்குடியில் மூட்டையோடு பஸ் ஏறினவர்கள் முதல் இரண்டு மூன்று ஸ்டாப்பிலேயே இறங்கிவிட, திருநெல்வேலி ஜங்ஷன் வரும்போது கைவீசிக்கொண்டு வருகிறவர்கள்தான் மிச்சம் இருப்பார்கள் அல்லவா, அதுபோலத்தான். கடலோர மழையில் கனமான ஹைட்ரஜன் கூடுதல். உள்ளே போகப் போக, மலை ஏற ஏற, மழையில் அது குறைந்துகொண்டே வருகிறது. இமயமலைப் பக்கத்து மழையும் நம் பக்கத்து மழையும் நாக்குக்கு ஒன்றுதான், ஆனால் இந்தக் கணக்கில் இரண்டும் வேறு வேறு.

இப்போது அந்த மழை ஒரு குட்டையில் தேங்குகிறது. அதில் தட்டானின் புழு வளர்கிறது. அது தின்பது கொசுப்புழு, அந்தக் கொசுப்புழு வளர்ந்ததும் அதே தண்ணீரில். ஆக, அதன் உடம்பில் சேரும் ஹைட்ரஜன் எல்லாம் அந்தக் குட்டையின் கணக்கில் வந்தது. பிறகு ஓர் இரவில் புழு தண்டில் ஏறி, முதுகு வெடித்து, சிறகு விரிக்கிறது. இங்கேதான் விஷயம். வளர்ந்த தட்டானின் சிறகு பெரும்பாலும் உயிரில்லாத கைட்டின் என்ற பொருள். உலர்ந்து இறுகிய பிறகு அதில் புதிதாக எதுவும் சேராது, பழையது போகாது. வயிறு, தசை எல்லாம் வழியில் தின்றதைக் கொண்டு மாறிக்கொண்டே இருக்கும். சிறகு மட்டும் மாறாது. கடலைத் தாண்டினாலும், ஆப்பிரிக்காவே போனாலும், பிறந்த குட்டையின் தண்ணீர்க் கணக்கைச் சிறகில் தூக்கிக்கொண்டே போகிறது!

படிப்பது எப்படி? சிறகில் ஒரு மில்லிகிராமுக்கும் குறைவான துணுக்கு போதும். ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடாக்கினால் அதிலுள்ள ஹைட்ரஜன் வாயுவாக வெளியே வரும். அதை நிறைமாலைமானியில் விட்டால் கனமானது எத்தனை, லேசானது எத்தனை என்று பிரித்துச் சொல்லிவிடும். குட்டைத் தண்ணீர் வெயிலில் வற்றும்போது கணக்கு கொஞ்சம் மாறும், அதற்காக முன்பே பிறப்பிடம் தெரிந்த தட்டான்களின் சிறகை அளந்து திருத்தக் கணக்கு போட்டு வைத்திருக்கிறார்கள். பிறகு உலக மழை வரைபடத்தோடு ஒப்பிட வேண்டியதுதான். மெக்சிகோவில் குளிர்காலத்தைக் கழிக்கும் மோனார்க் வண்ணத்துப்பூச்சிகள் வட அமெரிக்காவில் எங்கெங்கே பிறந்தவை என்று 1998இல் கண்டுபிடித்ததும் இந்த வழியில்தான்.

2012இல் மாலத்தீவுத் தட்டான்களின் சிறகை இப்படி அளந்து பார்த்தார்கள். தென்னிந்தியத் தண்ணீரோடு கணக்கு ஒத்துப்போகவில்லை. வட இந்தியா, நேபாளம், ஒருவேளை அதற்கும் வடக்கே என்று வந்தது. நம் வயல் மேல் பறக்கிற கூட்டத்திலும் இமயமலை அடிவாரத்துக் குட்டையில் பிறந்தது இருக்கலாம் என்று அர்த்தம். வாசகருக்குப் பதில் கிடைத்துவிட்டது.

இதில் எந்திரம் வந்தது கடைசியில். தேதி எழுதின நோட்டுதான் முதலில். அந்த நோட்டு இல்லையென்றால் சிறகை வெட்டி அளக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றியிருக்கும்? மகன் படத்தை ஏற்றுவதும் அந்த நோட்டு வேலைதான். ஐநேச்சுரலிஸ்ட் மாதிரி தளங்களில் படம், தேதி, இடம் மூன்றும் இருந்தால், முன்பின் தெரியாத ஆட்கள் வந்து இனத்தைச் சொல்வார்கள். குறைந்தது இரண்டு பேர் சொல்லி, சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒரே இனம் என்று ஒத்துக்கொண்டால் அது ஆய்வுத் தரப் பதிவாகி, உலகத் தரவுக் கிடங்குக்குப் போய்விடும்.

ஆனால் மூட்டை மூட்டையாகப் படம் சேர்ந்தால் மட்டும் அறிவியல் ஆகிவிடாது. மக்கள் ஞாயிற்றுக்கிழமை படம் எடுப்பார்கள், ரோட்டோரம் எடுப்பார்கள், அழகானதை எடுப்பார்கள். சீசன் சமயத்தில் குற்றாலத்தில் ஆயிரம் வண்ணத்துப்பூச்சிப் படம் விழும், ராதாபுரம் தேரிக்காட்டில் ஒன்றும் விழாது. அதைப் பார்த்துத் தேரியில் பூச்சியே இல்லை என்றா சொல்வது? ஆள் போகவில்லை, அவ்வளவுதான். இதற்கு மருந்து, ஒரே இடத்தில், ஒரே நேரத்துக்கு, வாராவாரம் பார்த்து, ஒன்றும் இல்லையென்றால் "ஒன்றும் இல்லை" என்றும் எழுதுவது. பிரிட்டனில் 1976 முதல் தன்னார்வலர்கள் இப்படித்தான் வண்ணத்துப்பூச்சி எண்ணுகிறார்கள்: குறித்த பாதையில் நடப்பது, 5 மீட்டர் அகலத்துக்குள் வருவதை மட்டும் எண்ணுவது. ஜெர்மனியில் கிரேஃபெல்ட் ஊர்ப் பூச்சி ஆர்வலர்கள் 27 ஆண்டுகள் ஒரே மாதிரிப் பொறி வைத்துப் பிடித்து எடை போட்டதால்தான், பாதுகாக்கப்பட்ட பகுதிகளிலேயே பறக்கும் பூச்சிகளின் எடை முக்கால் பங்குக்கு மேல் குறைந்திருப்பது 2017இல் உலகத்துக்குத் தெரிந்தது.

நமக்கு இது புதிதும் அல்ல. 2011 முதல் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் ஜனவரிதோறும் தன்னார்வலர்கள் நீர்ப்பறவை எண்ணுகிறார்கள். கல்லூரிப் பிள்ளைகள் விடியற்காலையில் பைனாகுலரோடு கரையில் நிற்பார்கள். அதே கரையில் காலடியில் பறக்கிற தட்டானுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கினால் என்ன? பறவைக்கு ஆள் வருகிறது, பூச்சி என்றால் இன்னமும் மருந்தடிக்கிற சமாச்சாரமாகத்தான் நினைக்கிறோம்.

"தட்டான் தாழப் பறந்தால் தப்பாமல் மழை" என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். இதை மூடநம்பிக்கை என்று தள்ளுகிறவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை, முன்னோர் சொன்னால் தப்பாது என்று வாட்ஸ்அப்பில் பரப்புகிறவர்களோடும் இல்லை. மழைக்காற்றோடு நகரும் பூச்சி மழைக்கு முன்னால் கண்ணில் படுவது நடக்கக்கூடியதுதான். ஆனால் தாழப் பறந்தும் மழை வராத நாளை யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்? "தப்பாமல்" என்பதைச் சோதிக்க, பறந்த நாளையும் பறக்காத நாளையும் மழைமானிக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் எழுத வேண்டும். ஒரு பள்ளிக்கூடம் இரண்டு ஐப்பசியில் செய்து முடிக்கக்கூடிய வேலை, செலவு ஒரு நோட்டு.

செலவு என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. இந்தியத் தட்டான்களைப் பற்றி 1933 முதல் 1936 வரை மூன்று தொகுதிகள் எழுதிய ஃபிரேசர், தொழிலால் ராணுவ டாக்டர். இன்றைக்கும் இந்தியாவில் தட்டான் இனம் பார்க்கிறவர்கள் அதைப் புரட்டாமல் இருக்க மாட்டார்கள். கோடி ரூபாய் எந்திரம் வாங்கத் திறப்பு விழாவோடு பணம் வந்துவிடுகிறது, பூச்சியைப் பார்த்துப் பெயர் சொல்லத் தெரிந்த ஒருவருக்கு மாதச் சம்பளம் கொடுக்கத்தான் யோசிக்கிறார்கள். என்னைக் கேட்டால் மாவட்டத்துக்கு ஒருவரை அப்படி நியமித்தால் போதும், படம் எடுக்கிற பிள்ளைகள் ஊருக்கு ஊர் தானாக வருவார்கள்.

மகனுக்கு இரண்டு யோசனை. இந்தத் தட்டானைப் பகலில் துரத்திப் படம் எடுக்க முடியாது, பொழுது சாயும்போது வேலி முள்ளிலும் கருவேலங்கிளையிலும் தொங்கும், அப்போது பக்கவாட்டில் ஒன்று, சிறகு தெரிய மேலிருந்து ஒன்று எடுக்கட்டும். இன்னொன்று, நண்பர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பின படத்தை வாங்கி ஏற்ற வேண்டாம். அனுப்பும்போதே படத்தோடு ஒட்டியிருக்கும் இடக்குறிப்பு உரிந்துவிடும், எடுத்த தேதியும் போய் அனுப்பின தேதிதான் நிற்கும். எடுத்தவரையே, எடுத்த போனிலிருந்தே ஏற்றச் சொல்ல வேண்டும்.