டிலே போட்டால் எல்லாம் தீராது

“சவுண்டு 200 மில்லிசெகண்ட் லேட்டா வருது, டிலே எவ்வளவு போடணும்?” வேற்றுமொழிப் படத்தின் டிவிடியில் இருக்கும் தமிழ் டப்பிங் 5.1 டிராக்கை (ஆறு சேனல் ஒலித்தடம்) எடுத்து, அதே படத்தின் புளூரேயில் சேர்க்கப் பார்ப்பவர்கள் கேட்பது பெரும்பாலும் இதுதான். டிலே என்பது ஒலியை முன்னோ பின்னோ நகர்த்தும் மில்லிசெகண்ட் எண். −200 போடுகிறார்கள், முதல் காட்சி ஒட்டிக்கொள்கிறது, உடனே டிஸ்க்கை பர்ன் செய்துவிடுகிறார்கள். படம் பாதி ஓடுவதற்குள் ஆள் உள்ளே வந்து உட்கார்ந்த பிறகுதான் கதவு திறக்கும் சத்தம் கேட்கிறது.

படத்தின் எந்த நிமிடத்தில் அந்த 200 என்று தெரியாமல் இதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. மூன்று இடங்களில் அளக்க வேண்டும்: ஐந்தாவது நிமிடம், நடுப்பகுதி, கடைசிப் பத்து நிமிடம். மூன்றிலும் அதே 200 என்றால் அது வெறும் தள்ளல். டிலே போதும். ஒலி பிந்தினால் கழித்தல் குறியோடு, அதாவது −200. (கூட்டலில் போட்டுவிட்டு “இன்னும் மோசமாயிடுச்சு” என்பவர்களும் உண்டு.) இதற்காக ஏசி3 (டால்பி டிஜிட்டல்) ஒலிக்கோப்பைப் பிரித்து மறுபடி என்கோட் செய்யவே (சுருக்கிப் பதியவே) தேவையில்லை. அதன் ஒரு பிரேம் (ஒலித் துண்டு) 32 மில்லிசெகண்ட். முழு பிரேம்களாக வெட்டினாலும் பிழை 16-ஐத் தாண்டாது, காதுக்குத் தெரியாது.

விலகல் சீராக வளர்ந்துகொண்டே போனால் நோயே வேறு. இரண்டும் வேறு வேகத்தில் ஓடுகின்றன. புளூரே விநாடிக்கு 23.976 படச் சட்டம் (பிரேம்), பால் (PAL என்ற டிவி முறை) டிவிடி 25 பிரேம். 120 நிமிடப் படம் பால் டிவிடியில் 115 நிமிடத்தில் முடிந்துவிடும். ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய இரண்டரை நிமிட வித்தியாசம். 24-க்கும் 23.976-க்கும் இடையே கூட மணிக்கு 3.6 விநாடி விலகும். இதற்கு எந்த டிலே எண்ணும் மருந்தாகாது. ஒரு இடத்தில் ஒட்டவைத்தால் இன்னொரு இடத்தில் பிய்யும். தயவுசெய்து வெவ்வேறு எண்ணாகப் போட்டுப் பார்த்து இரவைக் கழிக்காதீர்கள். முதலில் இரண்டு டிஸ்க்கின் மொத்த ஓட்ட நேரத்தையும் பாருங்கள்.

மூன்றாவது வகை: கொஞ்ச நேரம் ஒட்டி ஓடும், திடீரென்று மூன்று விநாடி குதிக்கும், மறுபடி சீராக ஓடும். இது வெட்டு. விநியோக நிறுவனத்தின் லோகோ, புகையிலை எச்சரிக்கை, இடைவேளை அட்டை, தணிக்கையில் போன காட்சி என்று ஏதோ ஒன்று ஒரு பதிப்பில் இருக்கிறது, இன்னொன்றில் இல்லை. குதிக்கும் இடங்களைக் கண்டுபிடித்து அங்கங்கே ஒலியை வெட்டவோ நிரப்பவோ வேண்டும். குறுக்குவழி கிடையாது.

அளப்பது எப்படி? உதட்டைப் பார்த்து அளக்கிறார்கள். டப்பிங் படத்தில்! மூல மொழியில் அசையும் உதட்டோடு தமிழ் எப்படி ஒட்டும்? புளூரேயின் மூல டிராக்கையும் தமிழ் டிராக்கையும் ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருளில் மேலும் கீழுமாக வையுங்கள். துப்பாக்கிச் சத்தம், கதவு அறைதல், கண்ணாடி உடைதல் இரண்டிலும் ஒன்றுதான். அலைவடிவத்தில் அந்த முனைகளை ஒப்பிடுங்கள். அதற்கும் முன்னால் மூல டிராக்கை மட்டும் டிவியில் ஓட்டிப் பாருங்கள். அதிலேயே ஒலி படத்தை முந்தினால் கோளாறு டிவியின் படச் செயலாக்கத்தில். ரிசீவரின் (ஸ்பீக்கர்களை இயக்கும் பெட்டி) லிப் சிங்க் அமைப்பில் சரிசெய்ய வேண்டியதை டிஸ்க்கில் செய்யாதீர்கள்.

வேக வித்தியாசத்துக்கு எம்கேவி டூல்நிக்ஸில் (படத்தையும் ஒலியையும் ஒரே கோப்பில் சேர்க்கும் மென்பொருள்) இழுக்கும் எண்ணைப் போடுவது தீர்வாகாது. அது நேரக்குறியை மட்டும்தான் மாற்றும், ஒலியைத் தொடாது. ரிசீவருக்கு நேரடியாக ஏசி3 போகும்போது விட்டுவிட்டுக் கேட்கலாம். டிராக்கை டிகோட் செய்து (சுருக்கத்தை விரித்து), வேகம் மாற்றி, மறுபடி என்கோட் செய்துதான் ஆக வேண்டும். 25-லிருந்து 23.976-க்கு இறக்க இஏசி3டு (eac3to) என்ற ஒலி மாற்று மென்பொருளில் ‘ஸ்லோடவுன்’ என்ற ஒற்றை ஆப்ஷன் போதும். பால் வேகத்தில் ஏறிப்போன சுருதியும் அதோடு இறங்கிவிடும். டிவிடி தயாரித்தவர்களே சுருதியைத் திருத்தியிருந்தால் மட்டும் குரல்கள் கட்டையாகக் கேட்கும். அப்போது சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் குறைக்க வேண்டும்.

இடையில் வேவ் (சுருக்காத ஒலி) கோப்பாக எடுப்பவர்கள் கவனிக்க: 6 சேனல், 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் என்றால் 83 நிமிடத்துக்குள் 4 ஜிபி வரம்பு முட்டிவிடும். நம் படங்கள் இரண்டரை மணி நேரம்! தனித்தனி மோனோ கோப்புகளாக எடுங்கள். சேனல் வரிசையும் முக்கியம்: வேவில் இடது, வலது, நடு, சப்வூஃபர், பின் இடது, பின் வலது, ஏசி3-க்குள் இடது, நடு, வலது என்று போகும். மாறினால் வசனம் வலது ஸ்பீக்கரில் வரும். ஆடாசிட்டியில் சேனல் ஒதுக்கீட்டை நீங்களே அமைக்காவிட்டால் ஆறையும் ஸ்டீரியோவாகச் சுருக்கிக் கொடுத்துவிடும். சப்வூஃபர் சேனலை 10 டெசிபல் ஏற்றாதீர்கள், அது ரிசீவரின் வேலை. ஸ்டீரியோவை ஆறாகப் பிரித்து ‘5.1’ என்று பெயர் வைப்பதைப் பற்றிப் பேசவே விருப்பமில்லை.

டிவிடியிலேயே சேர்ப்பதானால் ஏசி3-க்கு விநாடிக்கு 448 கிலோபிட் உச்சம், புளூரேயில் 640. இரண்டரை மணிப் படத்துக்கு 448-இல் சுமார் 500 எம்பி கூடுதலாக வேண்டும். படம், ஒலி எல்லாம் சேர்ந்து விநாடிக்கு 10.08 மெகாபிட்டைத் தாண்டினால் டிவிடி பிளேயர் திக்கும். கேட்காத கமென்டரி டிராக்கை முதலில் தூக்குங்கள். டிராக்கை உள்ளே நுழைத்தால் மட்டும் போதாது, ஐஎஃப்ஓ கோப்பிலும் (எந்தெந்த டிராக் உண்டு என்று பிளேயருக்குச் சொல்லும் கோப்பு) பதிய வேண்டும். இல்லாவிட்டால் ரிமோட்டில் ஆடியோ பட்டனை எத்தனை முறை அழுத்தினாலும் தமிழ் வராது.

இரண்டு டிஸ்க்கும் நீங்கள் காசு கொடுத்து வாங்கியதாக இருக்கட்டும், கோப்பு வீட்டைத் தாண்ட வேண்டாம். முதல் பர்ன் எப்போதும் அழித்து மறுபடி எழுதக்கூடிய ஆர்டபிள்யூ டிஸ்க்கில். அதை கணினியில் ஓட்டிப் பார்த்துத் திருப்தி அடையாமல், ஹாலில் இருக்கும் பிளேயரில் போட்டுக் கடைசிப் பத்து நிமிடத்துக்கு நேராகப் போய்ப் பாருங்கள்.