கோணம் கொடுக்கப்படாத கணக்கு

பதினோராம் வகுப்பு மாணவர்களுக்கு ஆண்டுதோறும் நான் தரும் இயற்பியல் கணக்கு ஒன்று உண்டு. உராய்வற்ற சாய்தளத்தில் 5 மீட்டர் உயரத்தில் ஓய்வில் இருக்கும் மரக்கட்டை வழுக்கி இறங்குகிறது. அடியை எட்டும்போது அதன் வேகம் என்ன? சில ஆண்டுகளுக்கு முன், வகுப்பில் முதல் மூன்று இடங்களுக்குள் வரும் மாணவி ஒருத்தி, பத்து நிமிடம் எழுதிப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடி வைத்தாள். "சார், கேள்வி தப்பா இருக்கு, கோணம் கொடுக்கலையே" என்றாள். அவளது தாளில் சாய்தளத்தின் படம் நேர்த்தியாக இருந்தது. சாய்வுக் கோணத்தைக் கொண்டு கணக்கிடும் எம்ஜி சைன் தீட்டா என்ற விசைக்கூறும் அம்புக்குறியோடு குறிக்கப்பட்டிருந்தது. ஆற்றல் ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றாக மாறுமே தவிர அழியாது என்ற ஆற்றல் அழிவின்மை விதி அவளுக்குத் தெரியாததல்ல. முந்தைய வாரத் தேர்வில்தான் அதைப் பிழையின்றி எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருந்தாள். கோணமே வேண்டாம், உயரம் போதும், விடை நொடிக்குச் சுமார் 10 மீட்டர் என்று நான் சொன்னதும், தெரிந்த விதி ஏன் நினைவுக்கு வரவில்லை என்று அவள் கேட்டாள். இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கற்பித்துவரும் எனக்கு, ஒரு மாணவர் கேட்கக்கூடிய மிகச் சிறந்த கேள்விகளுள் ஒன்றாக அது தோன்றுகிறது.

இதற்கான விடையின் ஒரு பகுதி, மிஷலின் சி, பால் ஃபெல்டோவிச், ராபர்ட் கிளேசர் ஆகிய மூவரும் அமெரிக்காவில் நடத்தி 1981-இல் வெளியிட்ட ஆய்வில் இருக்கிறது. இயற்பியல் கணக்குகளைக் கொடுத்து, விடை காணாமல் வகைப்படுத்த மட்டும் சொன்னபோது, தொடக்கநிலை மாணவர்கள் சாய்தளக் கணக்குகளை ஒரு குவியலாகவும் சுருள்வில் கணக்குகளை மற்றொரு குவியலாகவும் வைத்தார்கள். துறையில் ஆழ்ந்தவர்களோ, படத்தில் சாய்தளம் இருந்தாலும் சுருள்வில் இருந்தாலும், ஆற்றல் அழிவின்மையால் தீர்பவற்றை ஒன்றாகச் சேர்த்தார்கள். என் மாணவியும் படத்தைத்தான் பார்த்தாள். சாய்தளம் என்றவுடன் விசைக்கூறு அவள் கைக்கு வந்துவிட்டது.

தேர்ந்தவர்கள் விரைவாகச் சிந்திப்பவர்கள் என்று நாம் எண்ணுகிறோம். பழக்கமில்லாத கணக்கின் முன் அவர்கள் நம்மைவிட மெதுவாகவே தொடங்குகிறார்கள் என்பதைக் கணிதக் கல்வி ஆய்வாளர் ஆலன் ஷோன்ஃபெல்டு 1980-களில் பதிவு செய்தார். மாணவர்கள் பலர் கேள்வியைப் படித்தவுடன் ஒரு வழியைப் பிடித்துக்கொண்டு, அது எங்கே போகிறது என்று திரும்பிப் பார்க்காமல் நேரம் முடியும்வரை அதிலேயே சென்றார்கள். அதே வகைக் கணக்கில் கணித அறிஞர் ஒருவர் நேரத்தின் பெரும்பகுதியைக் கேள்வியைப் புரிந்துகொள்வதிலும், எடுத்த வழி பயன் தருகிறதா என்று அவ்வப்போது சோதிப்பதிலும் செலவிட்டார். பேனா அசையாத அந்த நேரத்தை நம் வகுப்பறைகளில் சோம்பல் என்று கணக்கிடுகிறோம், "எழுதாம என்ன பண்ற?" என்று நானே பல ஆண்டுகள் கேட்டிருக்கிறேன்.

ஆசிரியரின் திட்டமிடலுக்கும் இது பொருந்தும். என் முதல் ஐந்தாறு ஆண்டுகளில் பாடக்குறிப்பு என்றால் எந்தப் பகுதியை எந்த நாளில் முடிப்பது என்பதுதான். போர்ஷன் முடிந்தால் கற்பித்தாயிற்று என்று நம்பினேன். பாட அறிவு மட்டும் போதாது, அந்தப் பாடத்தில் மாணவர் எங்கே, ஏன் தடுமாறுவார் என்ற அறிவும் ஆசிரியருக்கு வேண்டும் என்று கல்வியியல் அறிஞர் லீ ஷுல்மன் 1986-இல் எழுதியதன் பொருள், மேலே எறிந்த பந்தைப் பற்றிய கேள்வியால்தான் எனக்கு விளங்கியது. உச்சியில் பந்தின் முடுக்கம், அதாவது திசைவேகம் மாறும் வீதம், எவ்வளவு என்று கேட்டால் வகுப்பில் பெரும்பாலோர் சுழி என்பார்கள், ஏனெனில் அங்கே திசைவேகம் சுழி. இதை எதிர்பார்க்கும் ஆசிரியர் உடனே விடையைத் திருத்துவதில்லை. "திசைவேகமும் சுழி, முடுக்கமும் சுழி என்றால் பந்து ஏன் அங்கேயே நிற்காமல் கீழே வருகிறது?" என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பார். அந்த அமைதியில் யாரேனும் ஒரு பிள்ளை, "அப்போ அது மாறவே இல்லையா சார், மேலேயும் 9.8 தானா?" என்று புவியீர்ப்பு முடுக்கத்தின் அளவைச் சொல்லித் தயங்கிக் கேட்கும். அந்த ஒரு கேள்வியை முன்கூட்டியே எழுதி வைத்திருப்பதுதான் என்னைப் பொறுத்தவரை பாடக்குறிப்பு.

வீட்டில் படிக்கும் முறையைப் பற்றிப் பெற்றோரிடம் வலியுறுத்திச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. ஒரு பாடத்தை மூன்றாம் முறை வாசிக்கும்போது வரி வரியாகப் பழக்கமாகி, எல்லாம் தெரிந்துவிட்டது போன்ற நிறைவு உண்டாகிறது. ஆனால் அது கண்ணுக்குப் பழகிய நிறைவு மட்டுமே. உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பத்தியை மறுபடி வாசித்தவர்கள் ஐந்து நிமிடத்துக்குப் பின் நடந்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து நிலை தலைகீழானது: மறுபடி வாசித்தவர்கள் ஏறத்தாழ 42 விழுக்காடும், ஒருமுறை வாசித்துவிட்டுப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியவர்கள் ஏறத்தாழ 56 விழுக்காடும் நினைவுகூர்ந்தார்கள். பார்க்காமல் எழுதுவது கடினமாகவும் சங்கடமாகவும் இருக்கும், பாதியில் நின்றுபோகும். அந்தச் சங்கடத்தைத் தோல்வி என்று எடுத்துக்கொண்டு பிள்ளைகள் மீண்டும் புத்தகத்தைத் திறந்துவிடுகிறார்கள். எனவே பக்கம் பக்கமாக வண்ணம் தீட்டிய கைடைக் கண்டு மகிழாதீர்கள். புத்தகத்தை மூடச் சொல்லி, இன்று படித்ததை ஒரு வெற்றுத் தாளில் எழுதச் சொல்லுங்கள்; விடுபட்டதைப் பிள்ளையே புத்தகத்தைப் பார்த்து வேறு மையில் நிரப்பட்டும்; மூன்று நாள் கழித்து அதே தாளை மறுபடியும் வெறுமையிலிருந்து எழுதட்டும்.

இப்போது என் வகுப்பில் கணக்கைக் கரும்பலகையில் எழுதியபின் முதல் இரண்டு நிமிடம் யாரும் பேனாவைத் தொடக் கூடாது. என்ன கொடுத்திருக்கிறார்கள், எது மாறுகிறது, எது மாறாமல் இருக்கிறது என்று பக்கத்தில் இருப்பவரிடம் வாயால் மட்டும் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் பிள்ளைகளுக்கு அது பொறுக்கவில்லை. தேர்வில் நேரம் போதாது என்று பயந்தார்கள். சென்ற ஆண்டு அதே மரக்கட்டைக் கணக்கைத் தந்தபோது, இரண்டாம் நிமிடத்தில் கடைசி வரிசை மாணவன் ஒருவன் பக்கத்தில் இருந்தவனிடம், "சாய்வு எவ்ளோ இருந்தா என்ன, உயரம் அதேதானே" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.